நீர்வழியும் சொல்வழியும்

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரை)



விழாக் குழுவினர் எனக்கு அளித்த தலைப்பு 'உடலும் மொழியும்' என்பது. உடல் என்றவுடன் கண்ணையும் தோளையும் இடையையும் எதிர்பார்த்து வந்திருப்பீர்கள். இவ்வட்டத்தின் கவியரங்குகளைத் தொடர்ந்து கேட்டு வருபவள் என்னும் உரிமையோடு ஒன்று சொல்கிறேன். கண்ணீரைப் பற்றி இங்கே படிக்கப்பெற்ற கவிதைகளை எண்ணி மாளாது. உடலிலிருந்து வெளியேறும் இன்னொரு நீரைப் பற்றி ஒரு கவிதையும் படிக்கப்பெற்றதில்லை. இன்று நான் பேச எடுத்துக்கொண்டது அந்த இன்னொரு நீரைத்தான். சிறுநீர்ப்பையை ஆளும் நரம்புகளைப் பற்றியும், அவை பழுதுபடும்போது அதை எடுத்துரைக்க நம்மிடம் உள்ள சொற்களைப் பற்றியும் பேசுகிறேன். முன்வரிசையில் சிலர் நெளிவது தெரிகிறது. அந்த நெளிவும் என் பொருளுக்குள் அடங்கியதே.

இலக்கணத்திலிருந்து தொடங்குவதே என் தொழிலுக்கு முறை. அவையில் சொல்லத் தகாத சொல்லைத் தொல்காப்பியர் 'அவையல் கிளவி' என்றார். நன்னூலார் தகுதி வழக்கு மூன்றனுள் ஒன்றாக 'இடக்கரடக்கல்' என்பதை வைத்தார். இவ்விருவரும் மறைத்துச் சொல்லும்படி கூறினார்களே அன்றி, சொல்லாது விடும்படி கூறவில்லை. இடக்கரடக்கல் ஒரு பேச்சு முறை, வாய்ப்பூட்டு அன்று. நம் மக்கள் அந்த முறையை வளமாகவே கையாண்டிருக்கிறார்கள். 'ஒன்றுக்குப் போதல்' என்பது பள்ளிக்கூடத்து வழக்கு. 'நீர் இறங்குதல்' என்பது மூத்தோர் வழக்கு. 'மோளுதல்' என்று மறைப்பின்றிச் சொல்லும் ஊர்ப்புறத்து வினையும் உண்டு. மூத்திரம் 'பெய்தல்' என்னும் வழக்கில், வானம் மழையைச் செய்வதும் குழந்தை பாயை நனைப்பதும் ஒரே வினைச்சொல்லைப் பகிர்ந்துகொள்கின்றன. இதைக் கவிஞர்கள் இதுவரை கவனியாமல் விட்டது வியப்பே.

இனி உடலுக்கு வருவோம். நம் ஊர்க் கண்மாயை மனத்தில் கொள்ளுங்கள். வரத்துக்கால் வழியே நீர் வந்து சேர்கிறது. கரை தாங்குகிறது. மடை அடைத்திருக்கிறது, வேண்டும்போது திறக்கப்படுகிறது. அளவு மீறினால் கலுங்கு வழிகிறது. சிறுநீரகங்கள் இரண்டும் நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒன்று முதல் இரண்டு லிட்டர் நீரை அனுப்புகின்றன. சிறுநீர்ப்பையில் 150 அல்லது 200 மில்லி லிட்டர் சேரும்போது முதல் உணர்வு தோன்றும். 300 முதல் 500 வரை சேர்ந்தால் எழுந்து போகத்தான் வேண்டும்.

கண்மாய்க்கும் சிறுநீர்ப்பைக்கும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. கண்மாய்க் கரை அசையாதது. சிறுநீர்ப்பையின் சுவர் தசையால் ஆனது. நீர் சேரும் மணிக்கணக்கான நேரத்தில் அது நெகிழ்ந்து இடங்கொடுக்கிறது. மடை திறக்கும் அதே கணத்தில் சுருங்கி நீரைத் தள்ளுகிறது. சுவர் நெகிழும்போது மடை இறுக வேண்டும். சுவர் சுருங்கும்போது மடை நெகிழ வேண்டும். நாளொன்றுக்கு ஆறேழு முறை, நாம் எண்ணிப் பாராமலே நடக்கும் இந்த ஒத்திசைவு முழுவதும் நரம்புகளின் வேலை. நடுமுதுகின் கீழ்ப்பகுதியிலிருந்தும் இடுப்பின் மேற்பகுதியிலிருந்தும் வரும் நரம்புகள் சேமிப்பை மேற்பார்க்கின்றன. திருவெலும்புப் பகுதியின் இரண்டு, மூன்று, நான்காம் நரம்புகள் சுவரைச் சுருங்கச் செய்கின்றன. அதே இடத்திலிருந்து புறப்படும் இன்னொரு நரம்பு வெளிமடையைக் காக்கிறது; நம் விருப்பத்துக்குக் கட்டுப்பட்டது அது ஒன்றே.

மடையைத் திறக்கச் சொல்லும் ஆணை எங்கிருந்து வருகிறது? 1925இல் இலண்டனைச் சேர்ந்த பாரிங்டன் என்னும் அறுவை மருத்துவர், பூனைகளிடம் செய்த ஆய்வுகளால் அந்த இடம் மூளைத்தண்டில் உள்ளது என்று காட்டினார். 'பாலம்' எனப்படும் அப்பகுதியில் உள்ள அந்தச் சிறு நரம்புக்கூட்டம் இன்றும் அவர் பெயரால் வழங்குகிறது. அதற்கும் மேலே, நெற்றிக்குப் பின்னுள்ள மூளைப்பகுதி இடம், காலம், சூழல் ஆகியவற்றைப் பார்த்து இசைவு தருகிறது. இசைவு தருவதினும் மறுப்பதே அதன் பெரும்பணி. பச்சிளங்குழந்தைக்கு அந்த மறுப்பு கிடையாது. நிறைந்தவுடன் பெய்துவிடும். இரண்டு மூன்று வயதில் 'இப்போது வேண்டா' என்று தன் உடலிடம் சொல்லக் கற்றுக்கொள்கிறது. பேசத் தொடங்கும் பருவமும் ஏறக்குறைய அதுவே. மொழியும் அடக்கமும் ஒரே காலத்தில் வந்து சேர்கின்றன.

நெதர்லாந்தின் குரோனிங்கன் நகரில் ஹோல்ஸ்டெகெ என்னும் அறிஞரும் அவர்தம் குழுவினரும் 1997இல் வெளியிட்ட ஓர் ஆய்வை இங்குச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஆர்வலர்களைப் படக்கருவியில் படுக்கவைத்து, அங்கேயே நீர் கழிக்கச் சொல்லி, மூளையின் எப்பகுதி கிளர்கிறது என்று படம் பிடித்தார்கள். பலர் கழித்தார்கள்; பாரிங்டன் பூனையில் கண்ட இடமே மனிதனிடமும் கிளர்ந்தது. ஆனால் வேறு சிலர் எவ்வளவு முயன்றும் இயலாமற் கிடந்தார்கள். அவர்களுக்கு நரம்பில் குறையில்லை, பையும் நிறைந்திருந்தது. பாலத்தின் அந்த இடம் மட்டும் கிளரவே இல்லை. சற்றுத் தள்ளியிருந்த வேறோர் இடம் கிளர்ந்தது. அவர்களைத் தடுத்தது பிறர் முன்னிலை என்னும் கூச்சம் என்றே நான் படித்துக்கொள்கிறேன். நாம் நாணம் என்று ஆயிரம் பாட்டுப் பாடியது மூளைப்படத்தில் வந்து விழும் என்று யார் எதிர்பார்த்தோம்?

உணர்வைப் பற்றியும் ஒரு செய்தி உண்டு. பை நிறைந்தது என்று நமக்கு எப்படித் தெரிகிறது? பியசோ–2 என்னும் புரதம் உயிரணுவின் சவ்வில் ஒரு சிறு கதவைப்போல் அமைந்து, இழுபடும்போது திறந்து நரம்பைத் தூண்டுகிறது. இக்குடும்பத்துப் புரதங்களைக் கண்டறிந்த ஆர்டம் பட்டபூட்டியன் 2021இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். அப்புரதம் பிறவியிலேயே செயல்படாத சிலரை ஆய்ந்த முடிவுகள் 2020இல் வெளிவந்தன. அவர்களிற் பலர்க்கு நிறைந்த உணர்வு தெளிவாக வருவதில்லை. கடிகாரத்தைப் பார்த்துப் போய்வருவோரும் உண்டு. நீண்டநாள் நீரிழிவுக்கு ஆளான நம் வீட்டுப் பெரியவர்களுக்கும் நரம்பு மழுங்கி இது போன்ற நிலை வரக்கூடும். 'நான் காலையில் ஒருமுறை, இரவில் ஒருமுறைதான்' என்று சிலர் பெருமையாகச் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். அது பெருமைக்குரிய செய்தி அன்று. மருத்துவரிடம் சொல்ல வேண்டிய செய்தி.

இவ்வளவும் நூலில் கிடைப்பவை. இனி நம் மலைக்கு வருவோம்.

போடியிலிருந்தும் தேவாரம், கோம்பை, உத்தமபாளையம் பகுதிகளிலிருந்தும் விடியுமுன் ஜீப்புகள் ஏலமலைக்கு ஏறுவதை இவ்வவையில் அறியாதவர் இலர். போடிமெட்டு வளைவுகளில் நெருக்கியடித்து அமர்ந்து செல்லும் பெண்கள் தேநீரைப் பாதியோடு நிறுத்திக்கொள்கிறார்கள். காரணம் கேட்டால் சிரிப்பார்கள். ஏலக்காய் செடியின் உச்சியில் காய்ப்பதன்று. தூரில், மண்ணோடு மண்ணாகக் கிடக்கும் சரங்களில் காய்ப்பது. நாள் முழுவதும் குனிந்தும் குந்தியும் எடுக்க வேண்டும். மழைக்காலத்தில் ஈர இலைச்சருகில் அட்டைகள் காத்திருக்கும். மறைவிடம் தேடிப் போனால் கங்காணியின் கண். போகாவிட்டால் அடிவயிற்றின் சுமை. ஆகவே நீர் குடிப்பதைக் குறைக்கிறார்கள், வந்ததை அடக்குகிறார்கள். இவ்வாறு ஆண்டுக்கணக்கில் அடக்கினால் பை அளவுக்கு மீறி விரிந்து, தசை தளர்ந்து, உணர்வு மங்கிப்போகக் கூடும். நீர் தேங்கினால் கிருமி சேரும். பள்ளி நாள்களில் இப்பழக்கத்துக்கு ஆளாகும் நம் மாணவியரும் இதற்கு விலக்கல்லர்.

இது நாள்தோறும் நடப்பது. திடீரென நேர்வதும் உண்டு. நிழல் மரங்களைக் கவாத்து செய்ய ஏறியவர் விழுகிறார்; மிளகு பறிக்க ஏணி சாத்தியவர் விழுகிறார். நம் நாட்டில் முதுகுத்தண்டு முறிவுக்கு உயரத்திலிருந்து விழுதல் ஒரு பெருங்காரணம். நரம்புத்தண்டு அறுபட்டால் கால் விழுந்துவிட்டது என்று ஊர் அழுகிறது. உள்ளே நடப்பதை ஊர் காண்பதில்லை. மூளையின் ஆணை கீழே எட்டாதபோது, சுவரும் மடையும் ஒன்றையொன்று அறியாமல் ஒருங்கே இறுகுகின்றன. மடை திறவாமல் கரை நெருக்கினால் நீர் எங்கே போகும்? வரத்துக்கால் வழியே எதிர்த்து ஏறும். சிறுநீரகம் பழுதுபடும். முதல் உலகப் போரில் முதுகுத்தண்டில் காயமுற்ற வீரரிற் பெரும்பாலோர் சில வாரங்களிலோ மாதங்களிலோ மாண்டார்கள். அவர்களைக் கொன்றவற்றுள் தலையாயது முடங்கிய கால் அன்று, சீழ்ப்பிடித்த சிறுநீர்வழி.

என் சின்னம்மா முறையுள்ள ஒருவரின் கதையைச் சொல்கிறேன். பெயரும் ஊரும் வேண்டா. எந்த மருத்துவமனை என்பதும் வேண்டா. ஏலத்தோட்டத்தில் இருபது ஆண்டு உழைத்தவர். ஒருநாள் மூட்டையைத் தூக்கியபோது இடுப்பில் சுளீரென்று பிடித்தது. மறுநாள் மருத்துவரிடம் போனார். மகன் உடன் நின்றான். மருத்துவர் எல்லாம் கேட்டார். 'நீர் போகிறதா?' என்றும் கேட்டார். 'போகுதுங்க ஐயா' என்றார் சின்னம்மா. வலிக்கு ஊசி போட்டு அனுப்பினார்கள்.

அவர் சொன்னது பொய்யன்று. நீர் போய்க்கொண்டுதான் இருந்தது. ஆனால் அவர் விடவில்லை, தானே கசிந்துகொண்டிருந்தது. குந்தும் இடமெல்லாம் மரத்துப்போயிருந்தது. அதை மகன் முன்னிலையில் எப்படிச் சொல்வார்? முதுகெலும்புகளுக்கு இடையே உள்ள தட்டு பிதுங்கி, கீழ்முதுகில் குதிரைவால்போல் தொங்கும் நரம்புக்கற்றையை நசுக்கியிருந்தது. மருத்துவர்களும் அக்கற்றையைக் 'குதிரைவால்' என்றே அழைக்கிறார்கள். பை உணர்விழந்து, நிரம்பி, கலுங்கு வழிந்தது. மடை திறந்ததாக எல்லாரும் எண்ணிக்கொண்டார்கள். இந்நிலையில் கூடியவரை இரண்டு நாள்களுக்குள் அறுவை செய்து நசுக்கத்தை நீக்க வேண்டும் என்பது மருத்துவ விதி. சின்னம்மாவுக்கு ஐந்தாம் நாள்தான் நடந்தது. இன்று நடக்கிறார். நீரை மட்டும் நாளுக்கு நான்கு முறை குழாயிட்டுத் தாமே எடுத்துக்கொள்கிறார்.

தமிழாசிரியை என்ற முறையில் அந்த ஒரு வினைச்சொல்லை நான் பலமுறை எண்ணிப் பார்த்திருக்கிறேன். 'நீர் போகிறது' என்னும் தொடரில் எழுவாய் நீர். மனிதர் அங்கே இல்லை. 'நீர் விடுகிறேன்' என்னும் தொடரில் எழுவாய் நான், நீர் செயப்படுபொருள். செயப்படுபொருள் குன்றிய வினை, குன்றாத வினை என்று வகுப்பில் கரும்பலகையில் எழுதிக் கடந்துபோகும் வேறுபாடு இது. நரம்பியல் மருத்துவர் அறிய விரும்புவதும் இதே வேறுபாட்டைத்தான்: இச்செயலுக்கு எழுவாய் யார்? 'தானாகப் போகிறதா, நீங்கள் விடுகிறீர்களா? போகும்போது தெரிகிறதா? கழுவும்போது கை படுவது தெரிகிறதா?' இம்மூன்று வினாக்கள் தமிழில் கேட்கப்பட்டிருந்தால் போதும். மருத்துவர் கேட்டதும் இடக்கரடக்கல். சின்னம்மா விடையிறுத்ததும் இடக்கரடக்கல். இரு பக்கமும் நயத்தகு நாகரிகம். இடையில் மூன்று நாள் வீணாயின.

சித்த மருத்துவம் இவ்விடத்தில் என்ன சொல்கிறது என்று நீங்கள் கேட்பீர்கள். நீரினை அருக்கல், நீரினைப் பெருக்கல் என்று நோய்களை வகுத்தனர். நீர்க்கட்டு, நீர்க்கடுப்பு, நீரடைப்பு, கல்லடைப்பு என்று நுட்பமான பெயர்களை இட்டனர். கீழ்நோக்கிக் கழிக்கும் தொழிலைத் தசவாயுக்களுள் அபானனுக்குக் கொடுத்தனர். இதைக் கொண்டு இன்றைய நரம்பியல் முழுவதையும் நம் முன்னோர் அன்றே கண்டனர் என்று மேடைகளில் முழங்குவோர் உளர். நான் அவ்வணியில் சேரேன். அபானன் நரம்பிழை அன்று. அவ்வாறு சொல்வது இரண்டு அறிவுக்கும் இழுக்கு. எனக்கு வியப்பளிப்பவை வேறு இரண்டு. அடக்கலாகாத வேகங்கள் பதினான்கு என்று ஒரு வரிசை வைத்தார்கள். தும்மல், கொட்டாவி, பசி, உறக்கம் என்று போகும் அவ்வரிசையில் கண்ணீரும் சிறுநீரும் சரிநிகராக நிற்கின்றன. நோய் அறியும் எண்வகைத் தேர்வில் நாடி, ஸ்பரிசம், நா, நிறம், விழி, மலம், மூத்திரம் ஆகியவற்றோடு மொழியையும் ஒன்றாக வைத்தார்கள். அங்கே மொழி என்றது முதலில் குரலின் தன்மையை நோக்கியே. ஆயினும் மூத்திரத்தையும் மொழியையும் ஒரே பட்டியலில் கண்டபோது, இவ்வுரையை எழுதலாம் என்னும் துணிவு எனக்கு வந்தது.

தோட்டத்து மருந்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். திருவெலும்பு நரம்புகள் பையின் சுவருக்கு ஆணை சொல்வது அசிட்டைல்கோலின் என்னும் வேதிப்பொருளின் வாயிலாக. வேலை முடிந்ததும் அதைச் சிதைக்க ஒரு நொதி இருக்கிறது. ஏலத்தின் இலைப்பேனுக்குத் தெளித்துவந்த குயினால்பாஸ் போன்ற பாஸ்பரஸ் மருந்துகள் அந்த நொதியையே முடக்குகின்றன. ஆணை நில்லாமல் ஒலித்துக்கொண்டே இருக்கும். ஆகவேதான் நஞ்சேறியவர்க்கு எச்சில் வடிகிறது, கண்ணீர் பெருகுகிறது, தம்மை அறியாமல் நீர் பிரிகிறது. அதற்கு மாற்றாகிய அட்ரோபின் அந்த ஆணையைக் காதில் விழாமற் செய்கிறது. அதே இனத்துப் பொருள் சாலையோரத்து ஊமத்தையிலும் உண்டு. ஊமத்தையைத் தின்றவர்க்கு நாவறண்டு நீர் கட்டிக்கொள்வது அதனால்தான். அடங்காத பையை அடக்க இன்று தரப்படும் மாத்திரைகள் சிலவும் இவ்வழியிலேயே வேலை செய்கின்றன. தெளிப்பவர் ஒருவர் உடை நனைந்து விழுந்தால், 'பயத்தில் போய்விட்டான்' என்று நகைக்காமல் உடனே தூக்கிச் செல்லுங்கள்.

இந்த இருட்டில் வழி கண்டவர்களும் நம் மண்ணிலேயே இருக்கிறார்கள். வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியின் மருத்துவர் மேரி வர்கீஸ் 1954இல் வண்டி விபத்தில் முதுகுத்தண்டு முறிந்து இடுப்புக்குக் கீழ் உணர்விழந்தார். சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளரின் கைகளுக்கு அறுவை செய்தார். வெளிநாடு சென்று மறுவாழ்வு மருத்துவம் பயின்று திரும்பி, 1966இல் வேலூரில் மறுவாழ்வு நிலையம் அமையக் காரணமானார். தென்காசிக்கு அருகே ஆய்க்குடியில் எஸ். இராமகிருஷ்ணன் 1981இல் அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். அவர் 1975இல், பொறியியல் மாணவராக இருந்தபோது, கடற்படைத் தேர்வுக்கான உடற்சோதனையில் கழுத்து முறிந்து கைகால் செயலிழந்தவர். 2020இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது.

இத்தகையோர் நெடுநாள் வாழ வழிசெய்தவற்றுள் ஒன்று ஒரு மெல்லிய குழாய். 1944இல் இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் முதுகுத்தண்டுப் பிரிவைத் தொடங்கிய லுட்விக் குட்மான், குழாயை நிலையாகப் பொருத்தாமல், கிருமி நீக்கிய குழாயால் வேளைதோறும் நீரெடுக்கும் முறையை வலியுறுத்தினார். அமெரிக்காவின் லாபிடிஸ் 1972இல் ஒருபடி மேலே போனார். கிருமி முழுதும் நீங்க வேண்டும் என்பதில்லை, தூய்மை போதும், பையை அளவுக்கு மீறி விரியவிடாமல் நேரத்துக்கு வடிப்பதே முதன்மை என்றார். அன்று பலர் ஏற்கவில்லை. இன்று உலகெங்கும் அதுவே வழக்கு. மருத்துவமனை வாசலில் கிடக்க வேண்டியவர்கள் சோப்பு, தண்ணீர், குழாய் ஆகிய மூன்றோடு வீடு திரும்பி வேலைக்குப் போகிறார்கள். சின்னம்மாவும் அவ்வாறே இருக்கிறார். பயணம் போகும்போது கைப்பையில் குழாயும் வைத்திருப்பார். கேட்பவரிடம் 'மடைச் சாவி' என்பார்.

இந்தச் சொல்லைத்தான் உங்களிடம் ஒப்படைக்க விரும்பினேன். 'தூய இடைவிட்ட குழாயேற்றம்' என்று நாங்கள் பல்கலைக்கழகங்களில் கலைச்சொல் ஆக்குகிறோம். அது அகராதியில் கிடக்கும். மடைச் சாவி என்ற சொல் வாயில் புழங்கும். இத்தகைய சொற்கள் போடியிலும் சிலமலையிலும் இராசிங்காபுரத்திலும் பெண்களிடம் இன்னும் எத்தனை இருக்கும்!

வட்டத்தின் செயலரிடம் கோடிட்ட குறிப்பேடு ஒன்றைக் கொடுத்திருக்கிறேன். நீர் வருவது, வாராதது, கடுப்பது, கசிவது, தெரியாமற் போவது ஆகியவற்றுக்கு உங்கள் வீட்டில், தோட்டத்தில், ஜீப்பில் வழங்கும் சொற்களை அதில் எழுதுங்கள். பெயர்ச்சொல் மட்டும் போதாது. வினையை முழுத் தொடராக, எழுவாயோடு எழுதுங்கள். மகளிர் உறுப்பினர்கள் பெயரிட வேண்டியதில்லை. பொங்கலுக்குள் ஏடு நிறைந்தால், அதைப் படியெடுத்து இப்பகுதி மருத்துவமனைகளின் செவிலியர்க்குக் கொடுக்கும் பொறுப்பை நான் ஏற்கிறேன்.